பாக்கியம் அக்காவைச் சந்தேகித்த ஒன்பது நாட்கள்

பாக்கியம் அக்கா காலமான செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். எங்கள் தோட்டத்து முத்துலிங்கம் அண்ணன் தொலைபேசியில் அழைத்து, "டீச்சர், அக்கா போயிட்டாங்களாம்" என்றார்.

"யாரு சொன்னது? நீங்க பாத்தீங்களா?"

"இல்ல. சொன்னாங்க."

"அப்ப நேருல போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன். ஒரு மணித்தியாலம் கழித்து அவர் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "பாத்துட்டேன். உண்மதான்." அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மரணச் செய்தியைக்கூட விசாரிக்கும் இந்தக் குணம் எனக்கு அக்காவிடமிருந்து வந்தது. 'போயிட்டாங்களாம்', 'குடுப்பாங்களாம்' என்று வார்த்தைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் 'ஆம்' அவருக்கு ஆகவே ஆகாது.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. முழுப்பெயர் சிவபாக்கியம். கண்டி ஹந்தானை மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா. என்னையும் இடுப்பில் வைத்திருந்தவர். ஆனால் நான் ஆசிரியையான நாளிலிருந்து என்னை 'டீச்சர்' என்றும் 'நீங்க' என்றும்தான் அழைத்தார். ஓய்வுபெற்ற பின் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் மக்கள் சங்கத்துக்குத் தலைவியானார். நான் செயலாளர்.

தேர்தல் நெருங்கிய ஒரு நாள், ஓர் அரசியல்வாதி லயத்துக்கு மேலே பாதை போடுவதற்கு அடிக்கல் நாட்ட வந்தார். மாலை போட்டோம், கை தட்டினோம். அவர் வாகனத்தில் ஏறப்போன நேரத்தில் அக்கா முன்னால் போய் நின்றார். "ஐயா, கல்லு வச்சாச்சு. ரோட்டு எந்த மாசம்? இந்தத் தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க." அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கடைசியில் ஐயா எதையோ கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே லயத்தில் பேச்சு கிளம்பியது. கிழவி பிரதேச சபைக்கு வாக்குக் கேட்கப் போகிறாள், அதற்குத்தான் இந்த நாடகம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தத் தேர்தலிலும் அவர் நிற்கவில்லை, அதற்கடுத்த தேர்தலிலும் நிற்கவில்லை. பாதையும் வரவில்லை.

இந்தப் பழக்கத்தை எங்கே பிடித்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். கண்டி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் பெட்டிசம் எழுதிக்கொண்டிருந்த ஹனிபா நானாவைப் பற்றிச் சொன்னார். அடையாள அட்டையில் பிழையாக விழுந்த பெயரைத் திருத்துவதற்கு மனு எழுதிக்கொள்ள அக்கா அவரிடம் போயிருக்கிறார். நானா சிங்களத்தில் எழுதி முடித்து, என்ன எழுதினேன் என்று தமிழில் சொல்லிவிட்டு, "தங்கச்சி, ஒங்களுக்கு இத வாசிக்க ஏலா. என்னய நம்பிக் கையொப்பம் வெக்க வாணாம். வேற ஆள்ட்ட காட்டுங்க. நான் சொன்னதும் அவர் சொல்றதும் ஒண்டான்னு பாத்துட்டு வாங்க" என்றாராம். தன்னையே நம்பவேண்டாம் என்று சொன்ன முதல் ஆளை அன்றுதான் பார்த்தேன் என்பார் அக்கா. அதற்குப் பிறகு, காம்பராவில் வளர்ந்து பாடசாலைக்குப் போன பிள்ளைகளின் பழைய சிங்களப் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாற்பது வயதுக்கு மேல் சிங்கள எழுத்துப் படித்தார்.

இனி அந்த ஒன்பது நாட்களைப் பற்றி.

மழைக்காலத்துக்குச் சற்று முன் அதிகாரிகள் வந்து எங்கள் லயத்துச் சுவரில் சிவப்புக் குறி போட்டார்கள். மண்சரிவு அபாயம், எல்லோரும் வெளியேறிப் பாடசாலை மண்டபத்துக்குப் போகவேண்டும் என்றார்கள். ஒருவரும் நம்பவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் யாரென்று தெரியாத சிலர் வந்து நிலத்தை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கண்டி வாவியே தெரியும். ஹோட்டல் கட்டத்தான் எங்களைக் கிளப்புகிறார்கள் என்று எல்லோருக்கும் நிச்சயமாக இருந்தது. அக்கா ஒருவர் போதும், இவர்களைக் கேள்வி கேட்டே துரத்திவிடுவார் என்று காத்திருந்தோம்.

அக்கா அதிகாரிகளோடு மலையுச்சிவரை போனார். திரும்பி வந்தபோது காலெல்லாம் அட்டை கடித்து இரத்தம். அதைக்கூடத் துடைக்காமல் கூட்டத்தைக் கூட்டி, "நாம போறதுதான் நல்லது" என்றார்.

கூட்டம் பாதியிலேயே எழுந்து கலைந்தது.

மறுநாள் அவர் தனியாகப் பிரதேச செயலகத்துக்குப் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனார். எதற்கு என்று கேட்டால், "ஒரு வேலயா" என்பதோடு சரி. கீழே அவருக்கு உறுதிப் பத்திரத்தோடு ஒரு வீடு பேசியாகிவிட்டது என்று கதை வந்தது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. யாரையும் மறுக்கவுமில்லை. அவர் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். ஒன்பதாம் நாள் பொறுக்கமுடியாமல் அவர் குசினிக்குள் போய் நின்று கேட்டேன்.

"அக்கா, ஒங்களுக்கு வீடு தாறதா சொல்லியிருக்காங்களா?"

அவர் அடுப்பைத் தணித்தார். கோபப்படவில்லை. "இத கேக்க ஒங்களுக்கு ஒம்பது நாளா டீச்சர்? வாங்க."

அந்தக் கையோடு என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேயிலைக்கு நடுவே நிலம் நீளமாகப் பிளந்திருந்தது. வெடிப்பின் இரு பக்கமும் குச்சிகள் நட்டிருந்தார். "மொத நாள் நாலு விரக்கட. இப்ப பாருங்க" என்று கையை விரித்து வைத்தார். ஒரு சாணுக்கு மேல் இருந்தது. குடையை உள்ளே விட்டார். பிடிவரை இறங்கியது.

"நான் ஐயாமார நம்பல. தெனம் வந்து இதப் பாத்தேன்" என்று சொல்லி, மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தார். நாங்கள் வெளியேறினாலும் எங்கள் உரிமை போகாது, மாற்று வீடு கிடைக்கும்வரை அந்த இடம் வேறு யாருக்கும் கொடுக்கப்படாது என்று சிங்களத்தில் எழுதி, கையொப்பமும் முத்திரையும் இருந்தன. இதற்காகத்தான் நான்கு முறை போயிருக்கிறார்.

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"வெளிய தெரிஞ்சா எழுதித் தராம விட்டுருவாங்கன்னு பயந்தேன். தனியா போனது தப்புத்தான். நீங்க சந்தேகப்பட்டதுல தப்பில்ல. கேக்காம இருந்தீங்களே, அதுதான் தப்பு டீச்சர்."

அன்றே நான் வீடு வீடாகப் போய்க் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஆட்களை மலைக்கும் கூட்டிப் போனேன். மழை தொடங்குமுன் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், முத்துலிங்கம் அண்ணன் குடும்பத்தைத் தவிர. அண்ணன் கடிதத்தையும் நம்பவில்லை, வெடிப்பையும் நம்பவில்லை. மழை மூன்றாம் நாளாகப் பெய்துகொண்டிருந்த காலையில் அக்கா அவர் வீட்டுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நீங்க இருங்க. நானும் இருக்கேன்." மத்தியானம்வரை அசையவில்லை. இந்தக் கிழவியை வெளியேற்றுவதற்காகவே குடும்பத்தோடு இறங்கிவந்தேன் என்று அண்ணன் இப்போதும் சொல்வார். மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் லயம் முழுவதும் மண்ணோடு போய்விட்டது. உள்ளே ஒருவரும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகாவது சந்தேகம் தீர்ந்திருக்கும் என்று நினைப்பீர்கள். தீரவில்லை. தற்காலிகக் கொட்டிலில், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா எங்களைப்போலவேதான் கடைசிவரை இருந்தார். அப்படியிருந்தும் மரண வீட்டில் ஒருவர் என் காதருகே, "அக்காவுக்கு ஆபிஸ்ல என்னமோ கெடச்சுத்தான் இருக்கும்" என்றார். எங்கள் ஆட்களை நான் குறை சொல்லமாட்டேன். அத்தனை தடவை ஏமாந்திருக்கிறோம்.

மண்சரிவுக்குப் பிறகு அக்கா தனியாக எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. "நான் ஒருத்தி போனா அது என் பிரச்சின. இருவது பேர் போனா அது அவங்க பிரச்சின" என்பார். வாரத்துக்கு ஒரு குழு என்று முறை வைத்தார். கொழுந்து பறிக்கும் பெண்களை முன் கதிரையில் உட்காரவைத்துப் பேசச் சொல்லிவிட்டு, தான் பின்னால் வாயை மூடிக்கொண்டு இருப்பார். தடுமாறினாலும் எடுத்துக்கொடுக்கமாட்டார். இவர்களில் இரண்டு பேராவது பிரதேச சபையில் உட்காருவதைப் பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. அதைப் பார்க்காமலே போய்விட்டார்.

இப்போது சங்கத்துக்கு நான் தலைவி. சென்ற வாரம் புதிய வீடுகளுக்கான பெயர்ப் பட்டியல் வந்தது. முதல் பெயர் என்னுடையது. ஏன் என்று எனக்குத் தெரியாது. முத்துலிங்கம் அண்ணனுக்குப் பிள்ளைகள் நான்கு, அவர் பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை அவரையும் இன்னும் பதினெட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு காரணம் கேட்கப் போகிறேன். அதற்குள் என்னைப் பற்றியும் கதை கிளம்பியிருக்கும். நேற்றுத் தண்ணீர்க் குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: என் பெயரை முதலில் கண்டும் சந்தோஷப்பட முடியாத மனம். கொட்டிலின் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். யாராவது ஒருவர் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும்.