கையா, துப்பாக்கியா?

கையில் இருப்பது பாதியில் நின்றுபோனால், குற்றம் அதனுடையதா, கையினுடையதா? ஃபவுஸ்டினோ ஞாலியின் வாழ்க்கை இந்த ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் அவருக்குச் சம்பளம். பதில் தெரியும் என்று வெகுகாலம் நம்பியும் இருந்தார்.

கார்தோனே என்ற ஊரில், மெல்லா ஆற்றங்கரைத் தொழிற்சாலைக்கு அடியில் ஒரு நீண்ட சுரங்க அறை. புதிய கைத்துப்பாக்கி எது உருவானாலும் அங்கே இறங்கி வந்தாக வேண்டும். சுடுவார்கள், ஆறவைப்பார்கள், துடைக்காமல் மறுபடி சுடுவார்கள், மணலில் புரட்டிவிட்டுச் சுடுவார்கள். ஏதாவது உடையும்வரை, அல்லது உடையாது என்று எல்லோருக்கும் அலுக்கும்வரை. ஊரில் பாதிப் பேர் துப்பாக்கி செய்தார்கள். ஃபவுஸ்டினோ சுட்டுச் சுட்டு அதைக் களைக்க வைத்தார். அதில் யார் முதலில் களைத்தது என்று அந்த நாட்களில் யாரும் கேட்கவில்லை.

சுவரில் ஒரு கரும்பலகை. அதில் மூன்று பத்திகள்: தோட்டா, துப்பாக்கி, கை. சுடும்போது நின்றுபோனால், காரணம் எதுவோ அந்தப் பத்தியில் ஒரு கோடு. கோட்டைச் சுட்டவனே போட வேண்டும். முதலாளியே இறங்கி வந்தாலும் சுண்ணக்கட்டியைத் தொடுவதில்லை. ஒரு துப்பாக்கியைச் சுடத் தொடங்கிய கைகள்தான் முடித்தும் வைக்க வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். ஃபவுஸ்டினோ ஒருமுறைகூட ‘கை’ப் பத்தியில் கோடு போட்டதில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் போலீசுக்கான புதிய துப்பாக்கி வந்தது. முதலில் செய்ததில் அடிச்சட்டம் விரிசல் விட்டிருந்ததால், இளம் என்ஜினியர் ஸ்கால்வினி உள்ளே இருந்த சுருள்வில்லை முறுக்கேற்றியிருந்தார். விரிசல் நின்றது. ஆனால் ஃபவுஸ்டினோ சுடும்போது காலித் தோட்டா உறை வெளியே தெறிக்காமல் மேல்பாகத்தின் வாயில் சிக்கி, புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. கூடவே சுடும் போர்த்தோலோவின் கையில் ஒருமுறைகூட அப்படி ஆகவில்லை.

“குளிர் வருதுன்னு உன் துப்பாக்கிக்குத் தெரிஞ்சிருச்சுடா. அடுப்பு மூட்டுது பாரு,” என்றார் போர்த்தோலோ.

“வாய மூடிட்டுச் சுடு.”

“நான் சுட்டா ஒழுங்கா சுடுது. அதானே உனக்கு எரிச்சல்?”

மணிக்கட்டு தளர்ந்தால் துப்பாக்கி முழுவதும் கையோடு பின்னால் வரும், மேல்பாகம் சுருளை அழுத்திப் போகவேண்டிய தூரம் போகாது, உறை மாட்டிக்கொள்ளும். சுரங்கத்தில் இது தெரியாதவர் இல்லை. ஃபவுஸ்டினோவின் மணிக்கட்டைப் பற்றியும் ஊருக்குத் தெரியும். மதுக்கடையில் முஷ்டியை மேசையில் குத்தி விரல் எண்ணிக்கையைக் கத்தும் மோரா ஆட்டத்தில், போன குளிர்காலம் முதலே அவர் இடதுகைக்கு மாறியிருந்தார்.

ஒவ்வொரு முறை நின்றபோதும், எந்தப் பத்தியிலும் சேர்க்காமல் பலகையின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போனார். அப்படி ஒரு வழக்கமே கிடையாது.

ஸ்கால்வினி இறங்கி வந்து புள்ளிகளைப் பார்த்தார். “தப்பா எடுத்துக்காதீங்க ஞாலி. போர்த்தோலோ கையில நிக்கவே இல்லையே?”

“அவனுக்குக் கொல்லன் கை சார். போலீஸ்காரன் எல்லாருக்கும் அப்படியா இருக்கும்? ராத்திரி பூரா நின்னு ஓஞ்சுபோனவன் கையும் கைதானே?”

“ஓஞ்ச கைக்காகச் சுருளை இளக்கினா சட்டம் மறுபடி விரிசல் விடும். எல்லாத்தையும் முதல்லருந்து ஆரம்பிக்கணும். ஆர்டர் கைவிட்டுப் போயிடும்.” கொஞ்சம் தயங்கினார். “கைன்னு போட்டீங்கன்னா நீங்க மேல பேக்கிங்குக்கு வந்துடலாம். ஜன்னல் இருக்கு, வெளிச்சம் இருக்கு. தண்டனைன்னு நினைக்காதீங்க.”

“இல்ல, துப்பாக்கின்னு போட்டா?”

“இங்கேயே இருக்கலாம். எல்லாரும் சேர்ந்து மறுபடி சுடலாம்.” ஸ்கால்வினி சிரிக்க முயன்றார், வரவில்லை.

வீட்டில் மனைவி இனெஸ் சோளக்களியைக் கிளறிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் கிளறுவது ஃபவுஸ்டினோவின் வேலை.

“கைன்னு போட்டுட்டு வாயேன்யா. வலிக்கிறது கைதானே? பொய்யா என்ன?”

“வலிக்குதுதான். அதுக்காக நின்னது அதாலதான்னு ஆயிடுமா?”

“வேற எதால?”

“தெரியல.”

“தெரியாதவனுக்கா இத்தனை வருஷம் சம்பளம் குடுத்தாங்க?” என்று களியை மரப்பலகையில் கவிழ்த்தாள்.

அவர் சாப்பிட்டார். இன்னொரு நினைப்பு வந்தது. கை வலுவாக இருந்த காலத்தில், எத்தனை துப்பாக்கிகளின் குறையை அந்த வலு மூடி மறைத்து மேலே அனுப்பியிருக்கும்? அந்தத் துப்பாக்கிகள் இப்போது யார் யார் கையிலோ. சுரங்கத்தில் இதுவரை சோதித்தது எதை?

சோதனையின் கடைசி நாள் போர்த்தோலோ ஒரு தோல்பட்டையோடு வந்தார். “கட்டிக்கோ. எங்கப்பா பட்டறையில போட்டுக்கிட்டது.”

ஃபவுஸ்டினோ அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு சுட்டார். ஒன்றும் நிற்கவில்லை. மேலும் சுட்டார். உறைகள் தண்ணீர் தெறிப்பதுபோல் வெளியேறின.

“பாத்தியா? கைதான்டா,” என்றார் போர்த்தோலோ. குரலில் வெற்றி இல்லை.

ஃபவுஸ்டினோ பட்டையை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். மறுபடி சுட்டார். சிறிது நேரத்திலேயே புகைபோக்கி நின்றது. அதை விரலால் தட்டிவிடாமல், அப்படியே மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜினியர் படிகளில் இறங்கி வந்து பின்னால் நின்றதும் தெரிந்தது.

பிறகு பலகையிடம் போய், ஓரத்துப் புள்ளிகளை உள்ளங்கையால் துடைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, இன்றையதற்கும் சேர்த்து, நிதானமாகப் போட்டார். எல்லாம் ‘துப்பாக்கி’ப் பத்தியில்.

சுண்ணக்கட்டியை யாரும் தொடவில்லை.

ஃபவுஸ்டினோ காதடைப்பைக் கழற்றிப் போர்த்தோலோவிடம் நீட்டிவிட்டு ஸ்கால்வினியைப் பார்த்தார். “பேக்கிங்ல இடம் இருக்குன்னு சொன்னீங்களே சார். நாளைக்கே வந்துடறேன்.”

“டேய், நில்லு!” என்றார் போர்த்தோலோ. “துப்பாக்கின்னா நீ ஏன்டா போற? கைன்னா அங்க ஏன்டா கோடு? ரெண்டுல ஒண்ணைச் சொல்லித் தொலை!”

ஃபவுஸ்டினோ இடதுகையால் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றி மேலே ஏறிப்போனார். பின்னாளில் மதுக்கடையிலும் இதையே கேட்டார்கள். அவர் இடது முஷ்டியை மேசைமேல் நீட்டி, ஆட்டத்துக்கான எண்ணை மட்டும் கத்துவார்.