கடி மாஸ்டரின் பல்

“அது என்ன சித்தப்பா, கிதாரைப் போய்க் கடிக்கிறீங்க?”

சித்தப்பா வேலை பார்க்கும் கிதார் கடையில் சேர்ந்த முதல் வாரத்தில் அவள் கேட்டது அது. பட்டறை மேசைக்கு முன்னால் சித்தப்பா ஓர் எலக்ட்ரிக் கிதாரை நிமிர்த்திப் பிடித்திருந்தார். அதன் கட்டையில் கொம்புபோல் நீண்டிருந்த மேல்முனையில் முன்பல்லைப் பதித்துக்கொண்டு ஒரே ஒரு கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். வயர் எதுவும் செருகியிருக்கவில்லை.

“பசி,” என்றார், வாயை எடுக்காமலே.

“விளையாடாதீங்க. ஆம்ப்ல போட்டாதானே இதுக்குச் சத்தமே வரும்?”

“ஆம்ப் பூசி மெழுகிடும். கட்டைக்கு அப்படி மழுப்பத் தெரியாது.” கொம்பைத் துணியால் துடைத்தார். “தட்டினதும் எப்படி அதிருதுன்னு பல்லுல அப்படியே வந்துடும்.”

“அப்போ கட்டை நல்லா அதிர்ந்தா நல்ல கிதாரா?”

“எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. கட்டைக்கு ஏதும்மா சொந்தச் சத்தம்? எல்லாம் கம்பிகிட்ட பிடுங்கறதுதான். பிடுங்கினது போக மிச்சம்தான் கீழ இருக்கற பிக்கப்புக்கு. அது காந்தம், கம்பி ஆடறது மட்டும்தான் அதுக்குத் தெரியும். கட்டை ரொம்பக் கத்துச்சுன்னா கம்பி சீக்கிரம் ஓய்ஞ்சிடும். எந்தச் சுரத்துல எவ்வளவு பிடுங்குதுன்னு பாக்கணும்.”

“அதைக் காதால கேட்டா ஆகாதா?”

சித்தப்பா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “காதுல பல்லு இல்லையே,” என்றார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடையில் அவருக்குக் கடி மாஸ்டர் என்று பெயர். கிதாரைக் கடிப்பதற்கும் அவர் அடிக்கும் ஜோக்குகளுக்கும் சேர்த்து அந்த ஒரு பெயரே போதுமாக இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவருடைய பட்டறை. சாலிடரிங் வாசனையும் மரத்தூளும். தடுப்புக்கு இந்தப் பக்கம் அவளுடைய மேசை. ஆங்கிலப் பள்ளியில் படித்தவள், வருகிறவர்களிடம் நன்றாகப் பேசுவாள் என்று முதலாளியிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததே சித்தப்பாதான். அவள் கொடுத்த பதில் மரியாதை, ஒவ்வொரு கிதாரின் கொம்பையும் யாரும் பார்ப்பதற்குள் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வைத்தது. வாடிக்கையாளர் இருக்கும்போது அவர் கடிக்க வாயைத் திறந்தாலே அவளுக்கு உடம்பு கூசும்.

மற்றதெல்லாம் அவள் கண்ணெதிரே நடந்ததுதான். சித்தப்பா ஃபோனை எடுக்க மாட்டார், மெசேஜ் போடச் சொல்லுவார். யார் பேசினாலும் வாயையே பார்ப்பார். “இருபத்தெட்டு வருஷமா என் குரல் மட்டும் இந்த மனுஷனுக்குக் கேக்கறதில்ல, எல்லா வீட்லயும் இருக்கற வியாதிதான்,” என்று சித்தி சொல்லும்போது வீடே சிரிக்கும். சித்தப்பாவும் சிரிப்பார், எல்லாரும் ஆரம்பித்த பிறகு.

ஒரு நாள் மதியம், ஒரு கல்லூரி விரிவுரையாளர் மூன்று நாளுக்கு முன் வாங்கிய சிவப்புக் கிதாரைத் திரும்பக் கொண்டுவந்தார். சித்தப்பா பரிசோதித்து, “தாராளமா எடுத்துக்கோங்க சார்” என்று கொடுத்தது. முதலாளியும் அப்போது கடையில் இருந்தார். அவள் கிதாரை ஆம்பில் செருகி ஒலியைப் பாதிக்கு மேல் ஏற்றினாள். கீச்சென்று ஒரு விசில் கிளம்பியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். பட்டறையிலிருந்து வந்த சித்தப்பா, விசில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கிதார் மேல் அன்பாகக் கையை வைத்து, “கட்டை அருமையான கட்டை சார். என்ன குறை?” என்று கேட்டார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ‘காதுல பல்லு இல்லையே’ என்றபோது அவர் ஜோக் அடிக்கவில்லை.

ஆம்பை அணைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பார்த்துச் சொல்கிறோம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த விரிவுரையாளர் அவளைப் பார்த்த பார்வையில், தானும் சித்தப்பாவோடு சேர்ந்த ஆள்தான் என்று ஆகிவிடுமோ என்று அவளுக்கு இருந்தது. “மன்னிக்கணும், அவருக்குக் காது கேட்காது. வேறு ஆளிடம் காட்டித் தருகிறேன்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தத் தைரியம்தான்.

சொல்லும்போது அவள் விரல் தன்னாலேயே போய்த் தன் காதைத் தொட்டது.

சித்தப்பா அந்த விரலைப் பார்த்தார். கிதார் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போனார். முதலாளி அவரை ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் அவளிடம், “காது கேக்காதவரை வெச்சுக்கிட்டு நான் எப்படிம்மா கிதார் விக்கிறது? இந்த மாசம் பாப்போம்,” என்றார்.

அன்று வீட்டில் சித்தி வழக்கமான ஜோக்கைச் சொன்னபோது அவள் மட்டும் சிரிக்கவில்லை. சித்தப்பா எப்போதும் போலக் கடைசியாகச் சிரித்தார்.

மறுநாள் காலை அவள் சீக்கிரமே கடைக்குப் போனாள். மன்னிப்பை வழியெல்லாம் மனசுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டு போனாள். பட்டறையில் சிவப்புக் கிதாரின் பிக்கப் கழன்று, உருகிய மெழுகில் மூழ்கியிருந்தது.

“உள்ள சுத்தின கம்பி தளர்ந்துபோச்சு, மெழுகு இறங்கினா இறுகிடும்,” என்றார் சித்தப்பா, நிமிராமல். “மேல இருக்கற கம்பியைக் கேக்கறதை விட்டுட்டு அது தன் ஆட்டத்தையே கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. கட்டையில இல்லாத குறை. பல்லுக்கு வராது.”

அவள் சுற்றிப் போய் அவர் முகத்துக்கு நேராக நின்றாள். எழுதி வைத்ததெல்லாம் போய்விட்டது. “முதலாளிகிட்ட நான் பேசறேன் சித்தப்பா. ஆம்ப்ல போடறப்போ நான் பக்கத்துல நின்னு கேட்டுச் சொல்றேன். கட்டையை நீங்க பாருங்க.”

அவர் மெழுகைக் கிளறிக்கொண்டே இருந்தார். பிக்கப்பை இடுக்கியால் தூக்கி, மெழுகு வடியவிட்டு, காகிதத்தில் வைத்தார்.

“சொல்லு. காது கேக்காதுன்னு யார்கிட்ட வேணா சொல்லு, சித்திகிட்டயும் சொல்லிக்கோ. ஒண்ணே ஒண்ணு செய். சொல்றப்போ எனக்கு முதுகைக் காட்டாம, நம்ம பேச்சுலயே சொல்லும்மா. இங்கிலீஷ்ல எனக்கு உதடு படிக்க வராது.”