கிளம்பாமலே கிளம்பிவிட்டோம்

சர்வர்களைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் நானும் சரியாகத் தூங்கி வருடங்களாகின்றன. கீரமங்கலத்தில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக இதைச் செய்கிறேன். தெருவில் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்பேன். அப்படிச் சொன்ன பாவத்துக்கு மூன்று வீட்டுப் பிரிண்டர்களைப் பழுது பார்த்திருக்கிறேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

என் தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். குளத்தூர்ப் பக்கம் அவர்கள் குலசாமி கோயில். ஞாயிறு காலை ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்காலுக்குள் நல்ல நேரம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தங்கைக்குக் கூடப்பிறந்த அண்ணன் நான் ஒருவன்தான். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை அது. ஆக, வாழ்க்கையில் முதல்முறையாக என் மடிக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. அதில் லேப்டாப்பைத் தவிர வேறெதுவும் உட்கார்ந்து ரொம்ப நாளாகிவிட்டது.

அந்த வாரம் பார்த்துத்தான் கம்பெனியில் ஒரு டீமனைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றச் சொன்னார்கள். டீமன் என்றால் பயப்பட வேண்டாம். முகம் காட்டாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல், அவ்வளவுதான். இவற்றை எழுப்பி, செத்தால் மறுபடி எழுப்பி மேய்க்க இன்னொரு நிரல் உண்டு. அதற்கு சர்வீஸ் மேனேஜர் என்று பெயர். எழுப்பிய உடனே டீமன் வேலைக்குத் தயாராகிவிடாது. எங்கள் டீமன் தன் விவரங்களையெல்லாம் படித்து முடிக்கவே நாலு நிமிடம் எடுக்கும். முடித்ததும் மேனேஜரிடம் ‘தயார்’ என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் டீமனை நம்பியிருக்கும் மற்ற நிரல்களை மேனேஜர் எழுப்புவார்.

பழைய சர்வரில் இருந்த மேனேஜரிடம் அதைச் சொல்வது சுலபம். ஒரு குழாய் வழியாக ஒரு வெற்று வரியை அனுப்பினால் புரிந்துகொள்வார். புதியவர் கறார். அவர் வைத்திருக்கும் பெட்டியில், அவர் கேட்கும் வார்த்தையைப் பிசகாமல் எழுதிப் போட்டால்தான் ஒத்துக்கொள்வார். டீமனை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அதன் வயிற்றில் கை வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆகவே நடுவில் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் வெற்று வரி வந்ததும் அந்தப் பக்கம் ‘தயார்’ சீட்டைப் போடும் ஒரு சின்ன நிரலை எழுத வேண்டும். அந்தத் தரகு வேலை என் தலையில் விழுந்தது.

எழுதினேன். ஆனால் புதிய மேனேஜரின் பொறுமை தொண்ணூறு வினாடிதான். அதற்குள் சீட்டு வராவிட்டால் டீமனைக் கொன்றுவிட்டு மறுபடி எழுப்புவார். நாலு நிமிடம் தேவைப்படும் ஜீவன் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தரம் செத்தது. மூன்று நாள் அது பிறந்து பிறந்து செத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்கும் நேரத்தைக் கூட்ட ஒரு வரி எழுதியும் வைத்திருந்தேன். மேனேஜர் அதைச் சட்டை செய்யவே இல்லை. ஏன் என்று தேட எனக்குத் தெம்பில்லை. சனிக்கிழமை சாயந்திரம், டீமன் கண் விழித்த கணமே ‘தயார்’ என்று சீட்டைப் போட்டுவிடும்படி என் தரகு நிரலை மாற்றினேன். திரையில் பச்சை விளக்கு எரிந்தது. சென்னைக்கு ‘ரெடி’ என்று செய்தி அனுப்பிவிட்டுப் போய்ப் படுத்தேன். நம்பியிருக்கும் நாலு நிரல்களையும் ஞாயிறு காலைதான் இணைப்பார்கள். அதுவரை என் பொய்க்கு ஆயுள் இருந்தது.

ஞாயிறு ஐந்தரைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. பட்டுப்பாவாடை, தோடு, பழம், வெற்றிலை என்று சீர்த்தட்டுகளை என் மனைவி காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் துண்டோடு குளிக்கப் போகும்போது போன் அடித்தது. சென்னையில் என் டீம் லீட். வயதில் எனக்குப் பாதி.

“ப்ரோ, ரெடின்னு பச்சையா காட்டுது. ஆனா அதை நம்பிப் போற நாலும் செத்துச் செத்து விழுது.”

“நெட்வொர்க்கா இருக்கும்,” என்றேன். எங்கள் தொழிலில் வாய் தானாகச் சொல்லும் முதல் வார்த்தை அது.

நெட்வொர்க் இல்லை. ‘தயார்’ என்பதை நம்பி நாலும் போய்க் கதவைத் தட்டியிருக்கின்றன. உள்ளே டீமன் இன்னும் பாதித் தூக்கத்தில் இருந்திருக்கிறது. துண்டோடு மாடி ஏறினேன்.

ஆறேகாலுக்கு மனைவி போனைக் கையில் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். “ஏங்க, ஒங்க தங்கச்சி. எங்க வாரோம்னு கேக்குறா.”

“கிளம்பிட்டோம்னு சொல்லு.”

“நீங்க இன்னும் குளிக்கவே இல்ல.”

“சொல்லு, அஞ்சு நிமிசத்துல கிளம்பிருவோம்.”

“கிளம்பிட்டோம்த்தா,” என்றாள் போனில், என்னைப் பார்த்துக்கொண்டே.

எங்கள் பக்கத்தில் ‘கிளம்பிட்டோம்’ என்றால் குளிக்கலாம் என்று முடிவெடுத்தாகிவிட்டது என்று பொருள். சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஊர்ப் பேரைச் சேர்த்துச் சொன்னால் அது சாட்சி மாதிரி. ஏழு மணிக்கு மறுபடி போன் வந்தபோது, திரையிலிருந்து தலையைத் திருப்பாமல் நானே வசனம் எடுத்துக் கொடுத்தேன்:

“ஆலங்குடி தாண்டிட்டோம்னு சொல்லு.”

மனைவி வாசல் பக்கம் நகர்ந்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

பொறுக்கும் நேரத்துக்கான அந்த வரி ஏன் வேலை செய்யவில்லை என்பது ஏழேகாலுக்குத் தெரிந்தது. கோப்பில் அதை வேறு பகுதியின் கீழ் எழுதி வைத்திருந்தேன். அப்படி எழுதினால் பொருட்படுத்த மாட்டேன் என்று மேனேஜர் புதன்கிழமையிலிருந்தே பதிவேட்டில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் படிக்கவில்லை. வரியை இடம் மாற்றினேன். வெற்று வரி வரும்வரை தரகன் வாயைத் திறக்கக் கூடாது என்று திருத்தினேன். நாலு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பச்சை எரிந்தது. மற்ற நாலும் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. டீம் லீட் நம்பாமல் மூன்று தரம் நிறுத்தி எழுப்பச் சொன்னான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எட்டேகாலுக்குக் கார் எடுத்தேன். ஆலங்குடியைத் தாண்டும்போது மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புதுக்கோட்டை வந்ததும்தான் பேசினாள். “ஏழு மணிக்கு மேல ஒங்க தங்கச்சி போனே பண்ணல, கவனிச்சீங்களா?”

கவனித்திருந்தேன்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்க, என் மருமகள் என் பெரியப்பா மகன் தோளில் விம்மிக்கொண்டிருந்தாள். வலது காதில் தோடு மின்னியது. எந்த விசேஷத்துக்கும் ஒரு மணி நேரம் முன்னால் வந்து நிற்கும் ஆள் அவன். அவன் மடி எப்போதும் காலியாக, தயாராக இருக்கும்.

“வாடா,” என்றான். “ஆலங்குடியில செம டிராபிக்கோ?”

தங்கை என்னைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

“கிளம்பலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லண்ணே. பத்தே முக்காலுக்கு இன்னொரு நல்ல நேரம் இருந்துச்சு. அதுலயே வச்சுக்கலாம்னு ஆசாரிகூடச் சொன்னாரு. ஆலங்குடி தாண்டிட்டோம்னு மதினி சொல்லவும்தான் மொட்டையடிச்சு ஒக்கார வச்சோம். ஈரத்தலையோட பிள்ள கத்துது. எட்டே முக்கா முடியப் போகுது. தாய்மாமன் எங்க, தாய்மாமன் எங்கன்னு மாமியா அங்கிட்டும் இங்கிட்டும் கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்றது?”

“சர்வர்ல ஒரு…”

“அதுக்கும் நீங்கதான் தாய்மாமனா?”

செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று நாள் அலுப்பும் அப்போதுதான் மொத்தமாக இறங்கியது. அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

“ஒரு காதுதான் குத்தியிருக்கு,” என்றாள். “இன்னொண்ண அண்ணன் வந்தப்பெறகுதான்னு சொல்லிட்டேன். அதுக்கும் மாமியாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். மொகத்தக் கழுவிட்டு வந்து ஒக்காருங்க.”

பத்தே முக்காலுக்கு உட்கார்ந்தேன். முதல் காதுக்குப் பிள்ளை எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். இப்போது ஆசாரியைக் கண்டதுமே வில்லாக வளைந்தாள். சந்தனமும் வேர்வையுமாகத் தலை வழுக்கியது.

“குத்தட்டுமாங்க?” என்றார் ஆசாரி.

“இல்லங்க, இருங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தங்கை கால்களைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு கையால் நெற்றியையும் மறு கையால் தாடையையும் அணைத்து, தலை அசையாமல் நிற்கும்வரை குத்த விடவில்லை. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார்.

“இப்பக் குத்துங்க,” என்றேன்.

மருமகள் அலறிக்கொண்டே என் மணிக்கட்டைக் கடித்தாள். இருந்ததே நாலு பல், நாலும் பதிந்தன. ஆசாரி திருகாணியை முடுக்கிவிட்டு எழுந்தார். தங்கை பிள்ளையை வாங்கிக்கொண்டு என் கையைப் பார்த்தாள்.

“வலிக்குதாண்ணே?”

“ஆமா.”

“நல்லா வலிக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு, இலை போடச் சொல்லப் போனாள்.