துரை சாப்பிட்ட கீரை

காலையில் கறுப்பாகப் போகிற மனுஷன் சாயங்காலம் தலை முதல் கால்வரை மாவு படிந்து வெள்ளையாகத் திரும்பினால் தெரு சும்மா இருக்குமா? மாவு மில்லில் அரைக்கிறவருக்குத் 'துரை' என்று பேர் வைத்துவிட்டார்கள். துரைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தபோதுதான் கேலி நின்றது.

டாக்டர் மூன்று சொன்னார். நன்றாக இருக்கிற நாளிலும் காலை மாலை இன்ஹேலர் எடுக்க வேண்டும். மாவுத் தூசியை விட்டு விலக வேண்டும். காய்கறி, கீரை நிறையச் சாப்பிட்டால் மூச்சுக்குழல் வீக்கத்துக்குக் கொஞ்சம் நல்லது. மில்லை விட்டால் சோறில்லை. இன்ஹேலர் பழகினால் சாகும்வரை விடாது என்று துரை மனைவியை அவள் அக்கா மிரட்டியிருந்தாள். மிஞ்சியது கீரை. அதற்காக அவளைத் திட்ட யாருக்கு வாய் வரும்? மற்ற இரண்டும் அவளுக்கு எட்டவில்லை. அடுப்பு எட்டியது.

கேரட், பீட்ரூட், பூசணி, கீரை என்று தட்டு நிறைந்தது. "ஆடு மாடுகூட நடுவுல நிறுத்தி அசை போடும். என்னை விடமாட்டேங்கிறியே" என்று அலுத்துக்கொண்டே தின்றார் துரை. அந்த நேரம் பார்த்து மெஷின் பழுதாகி மில் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது. இழுப்பு நின்றது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அவள் கண்ணுக்குக் கீரை மட்டுமே தெரிந்தது. வாங்கி வைத்திருந்த இன்ஹேலர் பரண் ஏறியது.

மில் மறுபடி ஓடியது. இழுப்பும் வந்தது. அவள் கீரையைக் கூட்டினாள். மத்தியானம் தானே மில்லுக்குக் கொண்டுபோய், மாவு கொட்டுகிற குழாய்ப் பக்கம் மூட்டை மேல் அவரை உட்காரவைத்து, ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். பொரியல் மேல் மாவு படிந்தால் அவர் முகத்துக்கு நேரே ஊதிவிட்டுக் கொடுத்தாள்.

ஒருநாள் அங்கேயே பிடித்துக்கொண்டது. வாயில் பாதிக் கீரையோடு நெஞ்சைப் பிடித்தவர், மறு கையை வாய்க்கு நேரே கொண்டுபோய் அமுக்குவதுபோல் காட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு ஓடி, பரணில் சட்டிகளுக்குப் பின்னால் துழாவி எடுத்து வருவதற்குள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். அதே டாக்டர்தான் நின்றார்.

"இன்ஹேலர் தினமும் எடுத்தாராம்மா?"

அது அவள் கைக்குள்தான் இருந்தது. அவள் கையை விரிக்கவில்லை.

"கீரை ஒரு நாள்கூட நிறுத்தல டாக்டர்" என்றாள்.