அமுதவல்லி சொன்னதில் பாதி

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உள்ள மாத்திரை கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவள் அமுதவல்லி. பதினோரு வருஷமாக அங்கே இருக்கிறாள். பெயரைச் சொல்லிக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ‘படக்கார அக்கா’ என்று கேட்டால் வாசலில் இருக்கிற வாட்ச்மேனே கை காட்டிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி அவளுக்கு. மூலக்குளத்தில் பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஏதாவது ஒரு படம் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வீடு திரும்பிவிடுவாள். தனியாகத்தான் போவாள். கல்யாணமான புதிதில் கணவன் கோவிந்தராசுவையும் கூட்டிப் போய்ப் பார்த்தாள். மில்லில் ஷிப்ட் முடித்து வந்த மனிதர், விளக்கு அணைந்த பத்தாவது நிமிஷம் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். மில் மூடி, அவர் லோடு ஆட்டோ ஓட்ட வந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. “நீ போய்ட்டு வா வல்லி, நான் இங்கயே தூங்கிக்கிறேன்” என்று அவரே ஒதுங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அவளுக்காகக் காத்திருப்பார்கள். அவள் கதை சொல்லமாட்டாள். “கதையை நீங்க போய்ப் பாத்துக்குங்க. எனக்கு எங்க சுருக்குனு பட்டுச்சுன்னு மட்டும் சொல்றேன்” என்பாள். ஒரு படத்தில் புருஷன் செத்துப்போன பெண் ஒருத்தி முதல் முறையாகத் தனக்கு மட்டும் சமைக்கிறாள். எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். படம் முழுக்க மறந்துபோனாலும் அந்த டம்ளர் மறக்காது என்று அமுதவல்லி சொன்னபோது, இரண்டு பேர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார்கள். இன்னொரு பேய்ப் படத்தைப் பற்றி, “அந்த வூட்டு மாமியாரைவிட பேய் எவ்வளவோ மரியாதையா நடந்துக்குது” என்றாள். பெரிய செலவில் எடுத்த ஒரு படத்துக்கு, “இடைவேளைக்கு அப்புறம் டைரக்டர் எழுந்து வூட்டுக்குப் போயிட்டாரு போல” என்றாள். பக்கத்துப் பிரிவிலிருந்து எட்டிப் பார்த்து அதட்ட வந்த சூப்பர்வைசரும் சிரித்துவிட்டுப் போனார்.

வீட்டில் அவள் பேச்சுக்கு ஈடுகொடுக்கிற ஆள் மகன் செம்மல். இருபத்துநாலு வயது. டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் இருந்தான். அவனுக்கு ஒரே ஒரு நடிகர்தான். பெயர்கூடச் சொல்லமாட்டான், ‘அண்ணன்’ என்றுதான் சொல்லுவான். அந்த நடிகரின் ரசிகர் மன்றத்தில் மூலக்குளம் கிளைக்குத் துணைச் செயலாளர். பேனரில் அவன் படமும் கைபேசி எண்ணும் கீழ்வரிசையில் இருக்கும். அம்மாவும் பிள்ளையும் ராத்திரிச் சாப்பாட்டின்போது சண்டை போடுவது படத்தைப் பற்றித்தான். மற்ற எந்த விஷயத்துக்கும் ‘உம்’, ‘இல்ல’ என்று பதில் சொல்கிற பையன், அண்ணன் படம் என்றால் சோறு காய்வதுகூடத் தெரியாமல் பேசுவான்.

போன தீபாவளிக்கு அண்ணன் படம் வந்தது. முதல் காட்சிக்குக் கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தெல்லாம் பையன்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். செம்மல் நான்கு நாள் வீட்டுக்கே சரியாக வரவில்லை. அமுதவல்லி வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போனாள்.

படம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் மைக்கை நீட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் தொங்கிய அட்டையில் செல்வகுமார் என்று இருந்தது. ஏதோ யூட்யூப் சேனல். பையன்களெல்லாம் கேமராவைப் பார்த்துக் கத்திவிட்டு ஓடினார்கள். அவன் அலுத்துப்போய் அமுதவல்லியிடம் வந்தான்.

“அக்கா, படம் எப்படிக்கா? ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் மைக் நீட்டிக் கேட்டதில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“சொல்றேன் தம்பி. டான்ஸ் ஆடும்போது பாத்தா பாவமா இருக்குது. எங்க வூட்டுக்காரரு மாடி ஏறும்போது இடுப்பைப் புடிச்சிக்குவாரு, அந்த மாதிரி. அந்தப் பொண்ணுக்கு அவரு அப்பா வயசு இருக்கும். இன்னாத்துக்கு இது அவருக்கு? ஆனா ஒண்ணு. காணாமப்போன மகளோட செருப்பை மடியில வெச்சிக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்தாரு பாரு, அழவே இல்ல, மூக்கை மட்டும் தொடைச்சிக்கிட்டாரு. எனக்கு நெஞ்சை அடைச்சிப்போச்சு. இவ்வளவு பெரிய நடிப்பை வெச்சிக்கிட்டு ஏன் இன்னும் குதிக்கிறாருன்னுதான் என் வருத்தம். அந்த ஒரு சீனுக்கு இன்னொரு தடவை வரலாம்.”

“சூப்பர்க்கா” என்றான் செல்வகுமார். அவளுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் செம்மலிடம் அந்தச் செருப்புக் காட்சியைத்தான் முதலில் சொன்னாள். அவன் துள்ளி எழுந்தான். “அதேதான்ம்மா! நானும் அதைத்தான் பசங்ககிட்ட சொன்னேன். எவனுக்கும் புரியல.” அன்றைக்கு அவர்களுக்குள் சண்டையே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்கிற சுடர்விழி கைபேசியைத் தயங்கித் தயங்கி நீட்டினாள். “அக்கா, இது நீங்கதானே?”

பத்தொன்பது வினாடி. பாவமா இருக்குது, மாடி, இடுப்பு, அப்பா வயசு, இன்னாத்துக்கு இது அவருக்கு. அவ்வளவுதான். ‘ஆனா ஒண்ணு’ என்று அவள் வாய் திறக்கிற இடத்தில் வெட்டி, ஒரு சிரிப்புச் சத்தத்தை ஒட்டியிருந்தார்கள். ஆறு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

“மீதி எங்கடி?” என்று கேட்டாள் அமுதவல்லி.

“அவ்வளவுதான்க்கா இருக்குது.”

கீழே இருந்த பின்னூட்டங்களைச் சுடர்விழி காட்டாமல் மறைத்தாள். அமுதவல்லி வாங்கிப் படித்தாள். ஐம்பது வயது நெருங்குகிற ஒரு பெண்ணைப் பற்றி, முகம் தெரியாத பிள்ளைகள் எழுதக்கூடிய எல்லாமும் அங்கே இருந்தது. மூன்றாவதைத் தாண்டி அவளால் படிக்க முடியவில்லை. மதியத்துக்கு மேல் பெட்டியில் மாத்திரை அட்டைகளை எண்ணி அடுக்கும்போது இரண்டு முறை தப்பு வந்தது. பதினோரு வருஷத்தில் அப்படி ஆனதில்லை.

அன்று சாயங்காலம் அவளுக்கு முன்பே செம்மல் வீட்டுக்கு வந்திருந்தான். ஷோரூமில் பாதி நாள் லீவு போட்டுவிட்டானாம். அவள் யாருடைய அம்மா என்பதை எவனோ கண்டுபிடித்துவிட்டான். பேனரில் எண் இருந்ததால் அழைப்பெல்லாம் அவனுக்குத்தான் வந்தது. வேலூரிலிருந்து ஒருவன், மதுரையிலிருந்து ஒருவன், எங்கோ மலேசியாவிலிருந்து ஒருவன். “உங்கம்மாகிட்ட குடுடா” என்பதில் ஆரம்பித்து எல்லாரும் ஒரே மாதிரி முடித்தார்கள். கைபேசி மேஜை மேல் கிடந்து உறுமிக்கொண்டே இருந்தது.

“நீ ஏம்மா பேசுன?” என்றான்.

“மீதியும் சொன்னேன்டா. உன்கிட்டயும் அதைத்தானே சொன்னேன்.”

“எனக்குத் தெரியும்மா. ஆறு லட்சம் பேருக்குத் தெரியணுமே.”

கோவிந்தராசு போலீசுக்குப் போகலாம் என்றார். செம்மல் வேண்டாம் என்றான். போனால் அதுவும் ஒரு வீடியோ ஆகும் என்று அவனுக்குத் தோன்றியது. “ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க, வுடு” என்று சொல்லிவிட்டுக் கோவிந்தராசு ஆட்டோவைக் கழுவப் போனார். அதற்கு முந்தின நாள்தான் கழுவியிருந்தார்.

புதன்கிழமை அமுதவல்லி லீவு சொல்லிவிட்டு, சேனல் பக்கத்தில் இருந்த முகவரியை வைத்து செல்வகுமாரைத் தேடி முத்தியால்பேட்டைக்குப் போனாள். ஒரு செல்போன் கடையின் மாடியில் சின்ன அறை. அவளைப் பார்த்ததும் அவன் எழுந்து நாற்காலி போட்டான். கெட்டவன் இல்லை, அது அவளுக்கு உடனே தெரிந்தது. திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் வாய்க்கு வரவில்லை.

“நான் சொன்னதைப் பாதியில ஏன் தம்பி அறுத்தீங்க?”

“முழுசாப் போட்டா யாரும் பாக்கமாட்டாங்கக்கா. இவ்வளவு ஓடும்னு எனக்கே தெரியாது.”

“முழுசா இருக்குதா உங்ககிட்ட?”

இருந்தது. அவன் கம்ப்யூட்டரில் போட்டான். அமுதவல்லி தன்னையே பார்த்தாள். செருப்பு என்று சொல்லும்போது கண் கலங்கியிருந்தது, கை தானாக மடிக்குப் போயிருந்தது. நன்றாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

“இதைப் போடுங்க தம்பி. அதை எடுத்துடுங்க.”

அவன் மறுக்கவில்லை. அவள் கண் முன்னாலேயே பழையதை எடுத்தான், முழுசையும் ஏற்றினான். “ஆனா அக்கா, நம்ம சேனல்ல எடுத்துட்டா போச்சுன்னு நினைக்காதீங்க” என்று வேறு ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். அதே பத்தொன்பது வினாடி. ஒருவன் பாட்டுப் போட்டிருந்தான். ஒருவன் அவள் முகத்தைக் குரங்கு உடம்பில் ஒட்டியிருந்தான். இன்னொருவன் வேறொரு நடிகரின் ஆள், ‘இவங்க சொன்னதுதான் கரெக்ட்’ என்று அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தான். அதைப் பார்க்கத்தான் அவளுக்கு அதிகமாகக் கூசியது. “இதெல்லாம் என் கையில இல்லக்கா” என்றான் செல்வகுமார். உண்மையைத்தான் சொன்னான்.

முழுசாகச் சொன்னதை ஒரு வாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். சுடர்விழி மட்டும் நாலைந்து தடவை பார்த்திருப்பாள்.

இதற்குள் செம்மலை மன்றத்திலிருந்து நீக்கி, வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் எடுத்திருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றத் தலைவர் புருஷோத்தமன் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். போய்த் திரும்பிய செம்மல் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

“அம்மா... மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போட்டா முடிஞ்சிடும்னு சொல்றாரு.”

அமுதவல்லி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “யாருகிட்ட?”

“எல்லார்கிட்டயும்தான்.”

“நீ இன்னா சொன்ன?”

“கேட்டுப் பாக்கறேன்னு சொன்னேன்.” அவன் அவளைப் பார்க்கவில்லை. “ஏழாவது படிக்கும்போதிலேர்ந்து மன்றத்துல இருக்கேன்ம்மா. எனக்கு வேற யாரைத் தெரியும்?”

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். டியூப்லைட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். செம்மல் எதிரே நின்று கைபேசியை உயர்த்திப் பிடித்தான்.

“என் பேரு அமுதவல்லி” என்று ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தினாள். “இன்னாத்துக்கு மன்னிப்புன்னு சொல்லணும் செம்மல்?”

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், ஏதாவது கிடைக்குமா என்று. “‘மனசு புண்பட்டிருந்தா’ன்னு சொல்லும்மா” என்றான் கடைசியில்.

“அண்ணன் ரசிகருங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க. நான் படிக்காதவ, தெரியாமப் பேசிட்டேன்” என்றாள்.

பத்தாவது வரைக்கும் படித்தவள். அந்த வார்த்தையை அவனும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அறைக்குள்ளே படுத்திருந்த கோவிந்தராசு விழித்துத்தான் இருந்தார், ஆனால் எழுந்து வரவில்லை.

அந்த வீடியோவுக்கும் சிரித்தார்கள். மன்றத்தில் செம்மலைத் திரும்பச் சேர்க்கவும் இல்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்றார் புருஷோத்தமன். வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்தவர்கள் எடுத்தவர்கள்தான். அடுத்த பேனரில் அவன் இருந்த இடத்தில் வேறு ஒருவன் சிரித்தான். செம்மல் அதைப் பற்றி வீட்டில் எதுவும் சொல்லவில்லை. அரியாங்குப்பத்துக் கிளையில் இடம் இருக்கிறதா என்று ஒரு நாள் யாரிடமோ கைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் அவள் காதில் விழுந்தது.

கோவிந்தராசு சொன்னதுபோல ஜனங்கள் மறந்துதான் போனார்கள். இரண்டு நாள் இல்லை, ஒரு மாதம் ஆயிற்று. கம்பெனியில் பழையபடி சிரித்துப் பேசினார்கள். திங்கட்கிழமைகளில் அமுதவல்லி, “இந்த வாரம் போகல” என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். பிறகு யாரும் கேட்கவில்லை.

அண்ணனின் அடுத்த படம் சித்திரை மாதம் வந்தது. மூன்றாவது வாரம் கூட்டம் ஓய்ந்த பிறகு அவள் போனாள். அரங்கில் முப்பது பேர் இருந்தால் அதிகம். இந்தப் படத்தில் அவர் ஆடவில்லை. நரைத்த தாடியோடு ரயில்வே கேட் கீப்பராக வந்தார். வருகிற ரயிலுக்கெல்லாம் பச்சைக்கொடி காட்டுகிற அந்த மனிதர், ஊருக்குப் போகத் தனக்கே ஒரு டிக்கெட் எடுக்க வேண்டி வரும்போது, ஜன்னலில் நின்று ஊர்ப் பெயரைச் சொல்லத் தெரியாமல் திகைக்கிறார். அமுதவல்லிக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் கேட்டதைத்தான் அவர் செய்திருந்தார் என்று ஒரு நிமிஷம் அசட்டுத்தனமாகத் தோன்றியது. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்தக் காட்சியை மனசுக்குள் வார்த்தை வார்த்தையாகக் கோத்துக்கொண்டே வந்தாள்.

செம்மல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். படத்துக்கு எடுத்துப்போகிற பை அவள் கையில் இருந்ததைப் பார்த்தே எங்கே போய்வருகிறாள் என்று புரிந்துகொண்டான். அவன் முதல் வாரமே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தது அவளுக்கும் தெரியும்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

பிசைந்த சோற்றில் கையை அப்படியே வைத்துக்கொண்டு அவன் கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம். அவள் வாயைத் திறந்தாள். டிக்கெட் ஜன்னல் என்று ஆரம்பிக்கலாம். அதற்கு முன்னால் தாடியைச் சொல்லலாமா? வயசு என்று வந்துவிடுமே. திகைத்தார் என்றால் நடிக்கத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்வார்களோ? எந்த இடத்தில் வெட்டினாலும் தப்பாகாத மாதிரி ஒரு வாக்கியம் அமையுமா என்று தேடினாள். எதிரே உட்கார்ந்திருப்பது தன் பிள்ளை, அவன் கையில் இருப்பது சோறு என்பது தெரிந்தும் தேடினாள்.

“நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள்.

செம்மல் இன்னும் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு தலையாட்டிவிட்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டான். அவள் ரசம் வேண்டுமா என்று கேட்டாள்.