விளக்கேற்ற வந்த இரண்டு திருமதிகள்

சுவிஸில் உள்ள எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழாவுக்கு அறிவிப்பாளர் நான்தான். குரல் நல்லது என்பதால் அல்ல. மைக்கைக் கண்டால் மற்ற எல்லோரும் கழிவறைக்குப் போய்விடுவார்கள்.

அந்த முறை பிரதம விருந்தினர் எங்கள் நகரசபை உறுப்பினர். கறுப்பினப் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். சனிக்கிழமைகளில் நூலகத்தில் மேசை போட்டு, எங்கள் ஆட்களின் வதிவிட அனுமதிப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பார். மிருதங்கச் சத்தம் தாங்கவில்லை என்று அயலவர்கள் கடிதம் எழுதி, பாடசாலை மண்டபம் பறிபோகவிருந்தபோது, அவர் நான்கு சனிக்கிழமை வந்து, முதலாம் வகுப்புக் கதிரையில் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்து மிருதங்கம் கேட்டார். பிறகு சபையில் எழுந்து, "தேவாலய மணியைவிடச் சத்தம் குறைவு, தாளமும் உண்டு" என்றார். மண்டபம் தப்பியது.

விழாவுக்குத் தன் மனைவியோடு வருவதாக எனக்கு எழுதியிருந்தார். எங்கள் விழாக்களில் மங்கல விளக்கைத் தம்பதிகளாகத்தான் ஏற்றுவார்கள். பாடசாலைத் தலைவர், சூக் நகர உணவகமொன்றில் சமையல்காரர், நிகழ்ச்சித் தாளோடு வந்தார்.

"அவவின்ர மிஸ்டரும் வாறாரோ?"

"ஓம் அண்ணை, ஒரு ஆள் கூட வருது."

"அப்ப ரெண்டு மாலை."

ஒரு ஆளாம்! எனக்கே வெட்கமாக இருந்தது. ஏனென்றால் பெண்ணான எனக்கும் ஒரு மனைவி இருக்கிறாள். ஷாஃப்ஹவுசன் ஊர்ச் சுவிஸ்காரி. பதிவுத் திருமணம் செய்து மூன்று வருடம். பாடசாலையில் அவள் "என்னோடு வாடகை பகிர்கிற பிள்ளை". மேடையில் நான் "மனைவி" என்று வாய் திறந்தால் சனம் என் வீட்டைத்தான் எட்டிப் பார்க்கும் என்று பயந்தேன். "தோழி" என்று சொல்லித் தப்பலாம். ஆனால் எங்களுக்காக முழங்கால் இடிபட்டவரை அப்படி அவமதிக்க மனம் வரவில்லை.

விழா நாளில் என் மனைவி வழமைபோல மண்டபக் குசினியில் வடை சுட்டாள். மாவைத் தராசில் நிறுத்துச் சுடுகிறவள். ஓட்டை கோணலான வடையைக் குப்பையில் போடப் போவாள். தலைவரின் மனைவி ஓடிப்போய்ப் பறித்து வாயில் போடுவார்.

என் முறை வந்தது. "அடுத்து, நகரசபை உறுப்பினர் அவர்களும், அவருடைய..." மைக் கீச்சிட்டது. "அவருடைய மனைவி அவர்களும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. சனத்தின் கவனமெல்லாம் தலைவரிடம் இருந்தது. ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் மாலை போடுவது எங்கள் வழக்கம். மாலையோடு மேடையேறியவர், போடுவதற்கு ஆண் யாரும் இல்லாததைக் கண்டு திகைத்து, அதைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு கும்பிட்டார். மண்டபமே கைதட்டியது. உறுப்பினர் சிரித்த சிரிப்பில், விளக்கில் அப்போதுதான் ஏற்றிய ஒரு திரி அணைந்துபோனது. தலைவரின் மனைவி அந்த மாலையைக் கழற்றி உறுப்பினரின் மனைவிக்குப் போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார். வாங்கிக்கட்டத் தயாரானேன்.

"ஊராற்ற மனிசிமாரை எல்லாம் மைக்கில கூப்பிடுறாய். உன்ர மனிசி அங்க எண்ணெய்ச் சட்டியோட நிண்டு வேகிறாள். அவளைக் கூப்பிட்டியோ?"

"அக்கா... உங்களுக்குத் தெரியுமோ?"

"வாடகை குடுக்கிறவள் மூண்டு வருஷம் ஓசியில வடை சுடுவாளோ? எங்களுக்கென்ன கண் இல்லையோ? கூப்பிடு பிள்ளை!"

தமிழிலும் ஜெர்மனிலும் கூப்பிட்டேன். இரண்டிலும் குரல் உடைந்தது. அவள் மாவுக் கையோடு குசினி வாசலுக்கு வந்து, கூப்பிட்டது தன்னைத்தானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். நான் மறைத்ததை எல்லோரும் அறிந்திருந்தார்கள். அவளை மட்டும்தான் இவ்வளவு காலமும் குசினியில் நிற்க விட்டிருந்தேன்.