சுடலைவடிவு தானே எழுதிய தேர்வு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் கல்லூரியில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், உண்மைதான். அப்படிப்பட்ட என்னையும் வாயடைத்துப்போக வைத்தவள் சுடலைவடிவு. பாளையங்கோட்டையில் நான் வரலாறு நடத்தும் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவி. ஊர் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம். அப்பா வாழைத்தார் சுமக்கிறவர், அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். வடிவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை.

அவள் படிக்கிற விதத்தை முதன்முதலாக விடுதி அறையில்தான் பார்த்தேன். டீக்கடைகளில் கிடக்குமே, நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் ஸ்டூல், அதில் ஒன்றை மேசைமேல் ஏற்றியிருந்தாள். கேமரா ஓட்டைக்கு நேராக வரும்படி அதன்மேல் கைப்பேசி. ஸ்டூலுக்கு அடியில் நூலகப் புத்தகம். பக்கத்தைத் திருப்பி, கைப்பேசியை ஒரு தட்டுத் தட்டினால், அது படம் எடுத்து எழுத்துகளை வாசிக்கத் தொடங்கிவிடும். நம் காதுக்கு அது வாசிப்பே இல்லை. காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்த சத்தம்.

"இது என்ன பாஷைம்மா?" என்று கேட்டேன்.

"தமிழ்தான் மிஸ். கொஞ்சம் வேகமா வச்சிருக்கேன். மெதுவா வாசிச்சா தூக்கம் வருது."

நான் நம்பவில்லை. இப்போது ஓடியது என்ன, சொல் பார்ப்போம் என்றேன். அந்தப் பக்கத்தின் சாரத்தை வரிசையாகச் சொல்லிவிட்டு, ஆசிரியர் ஓரிடத்தில் முன்னுக்குப்பின் முரணாக எழுதியிருப்பதையும் சுட்டிக்காட்டினாள். நான் வகுப்பில் பலமுறை நடத்திய பக்கம் அது. அந்த முரண் என்னுடைய இந்த இரண்டு கண்ணிலும் பட்டதில்லை.

இவ்வளவு படிக்கிறவளுக்குத் தேர்வு என்றாலே முகம் வாடிவிடும். காரணம் அவளுடைய ஸ்கிரைப்கள், அதாவது அவள் சொல்லச் சொல்ல எழுதித்தருகிற மாணவர்கள். வேறு பாடம் படிக்கிற யாரையாவது பிடித்து உட்கார வைப்போம். மணிராஜ் என்கிற பையன் நல்லவன்தான். ஆனால் கை வலித்தால் அவள் சொன்ன ஒரு பக்கத்தை நாலு வரியாகச் சுருக்கிவிடுவான். கலைச்செல்வி அதற்கு நேர்மாறு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வடிவு சொல்லாததையும் சேர்த்து ஜோடித்து எழுதுவாள். கலைச்செல்வி எழுதித்தந்த தேர்வில் வடிவுக்கு நிறைய மார்க் வந்தது. பாராட்டப் போனால் வடிவு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு மார்க்கு மிஸ் இது? நான் சொன்னதைத்தான் எழுதுனாளான்னே எனக்குத் தெரியமாட்டக்கு. ஒரு பரீட்சையாவது நானா எழுதணும்."

அவளால் கணினியில் தமிழ் தட்டச்சு செய்ய முடியும். திரையில் விழும் ஒவ்வொரு சொல்லையும் மென்பொருள் காதில் சொல்லிவிடும். அதற்குத் தேர்வில் அனுமதி வாங்க முதல்வர் அறையில் நான் போட்ட சண்டை கல்லூரிக்கே தெரியும். கடைசியில் அவர் ஒரே ஒரு தாளுக்கு ஒத்துக்கொண்டார். அதில் ஏதாவது கோளாறு வந்தால் பழையபடி ஸ்கிரைப்தான், இனிமேல் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

தேர்வன்று தனி அறை. கல்லூரி மடிக்கணினி, காதில் ஹெட்போன். கண்காணிக்க வந்தவர் கணிதத்துறைப் பட்டாபி சார். சேரன்மகாதேவியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். பேனா எழுதாமல் மாணவர் திணறினால் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற மனுஷர். அவரால் ஒரு தொந்தரவும் வராது என்று நம்பி நான் வராந்தாவில் உலாத்திக்கொண்டிருந்தேன்.

பாதித் தேர்வு தாண்டியிருக்கும். வடிவு அடுத்த விடையை யோசிப்பதற்காகக் கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள். பட்டாபி சார் தற்செயலாகத் திரையைப் பார்த்தார். கன்னங்கரேல் என்று இருந்தது. கணினி செத்துவிட்டது, பாவம், அது தெரியாமல் பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினார். சத்தம் போட்டால் பயந்துவிடுவாளே என்று பூனைபோல் வந்து பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தார்.

ஓடிக்கொண்டிருந்த கணினி அப்போதுதான் நிஜமாகவே நின்றது.

வடிவு ஹெட்போனைக் கழற்றினாள். "யாரு? என்ன செஞ்சீங்க?"

"நான்தாம்மா. திரை கருப்பா இருந்துதே, மெஷின் அணைஞ்சு போயிடுத்துன்னு நெனச்சேன்."

"எனக்கு எதுக்கு சார் வெளிச்சம்? கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கணும்னு நான்தான் திரையை அணைச்சு வச்சிருந்தேன்."

இந்தப் பேச்சு வராந்தாவில் எனக்குக் கேட்டது. நான் உள்ளே பாய்ந்தேன். அவர் வயது, அனுபவம் எதையும் பார்க்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவள் எழுதியதெல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மிஸ், பைய," என்றாள் வடிவு. "சத்தம் போடாதீங்க. அது எந்திரிக்குதான்னு நான் கேக்கணும்."

நான் வாயை மூடினேன். அவள் விரல் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினாள். ஹெட்போனைக் காதில் மாட்டித் தலையைக் குனிந்து காத்திருந்தாள். எங்கள் இருவருக்கும் நான்கு கண்கள் இருந்தும் பார்க்க அங்கே ஒன்றுமில்லை, திரை மினுங்கியதைத் தவிர. அவள் விரல்கள் விசைகளில் ஓடின. முகத்தில் ஒரு சின்னத் தெளிவு வந்தது.

"எல்லாம் இருக்கு சார். கடைசி வரியில பாதிதான் போயிருக்கு."

எப்படி என்று கேட்டேன்.

"நீங்க எழுதுனா, எழுதுனது அங்கன இருக்குன்னு பாத்துக்கிடுவீங்க. நான் எதைப் பாக்க? ஒவ்வொரு வரியையும் சேமிச்சுட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்."

சொல்லிவிட்டு எழுதத் தொடங்கிவிட்டாள். விட்ட இடத்திலிருந்து அவ்வளவு நிதானமாக ஒருத்தி தொடர்ந்ததை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. பட்டாபி சார் மிச்ச நேரம் முழுவதும் கதவை மறித்து நின்றார். தண்ணீர் கொண்டுவந்தவரைக்கூட உள்ளே விடவில்லை. பிறகு முதல்வரிடம் தானே போய், கோளாறு கணினியில் இல்லை, தன்னிடம்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த தாள்களுக்கும் கணினி கிடைத்தது.

அந்த முதல் தாளின் மதிப்பெண் வந்தபோது எனக்குத்தான் பொறுக்கவில்லை. கலைச்செல்வி எழுதித் தந்ததைவிடக் குறைவு. எங்கள் கல்லூரியில் திருத்திய விடைத்தாளைக் கேட்டுப் பார்க்கலாம். வாங்கிக்கொண்டு வடிவைக் கூப்பிட்டேன்.

ஆற்றுப் பாசனம் பற்றிய கேள்வியில்தான் அடி விழுந்திருந்தது. அணைக்கட்டுகளின் வரலாற்றை எழுதியவள், கடைமடைக்குத் தண்ணீர் எப்போதும் கடைசியில் வருவதையும், வராத வருஷம் அப்பாவுக்குச் சுமக்கத் தார் இல்லாமல் போனதையும் எழுதியிருந்தாள். அந்தப் பகுதியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், பாடத்தில் இல்லாதது என்ற குறிப்போடு.

"மறுமதிப்பீட்டுக்குப் போடுவோம். நான் விடப்போவதில்லை," என்றேன்.

"முதல்ல வாசிங்க மிஸ்."

நான் வாசித்தேன். அவள் உதடுகள் என்னோடு சேர்ந்து அசைந்தன. சிவப்பு வட்டத்துக்குள் வந்து ஒரு வரியின் நடுவில் நான் நின்றபோது, மீதியை அவளே சொன்னாள். தாளில் இருந்ததும் அதேதான்.

"ஒரு சொல்லு மாறல," என்றாள். கையை நீட்டி விடைத்தாளை வாங்கி, அச்சான வரிகளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். "மார்க்கு அவங்க குடுக்கது மிஸ். இது நான் எழுதுனது."